சால் தைத்தவரின் பேரனும் ஜி.டி. நாயுடுவும்

பெருந்துறையில் இருந்து சென்னிமலை போகும் சாலையில், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை. வாசலில் பிரித்துப் போட்ட இரண்டு மோனோபிளாக், சாக்கின் மேல் ஒரு நீளமான சப்மர்சிபிள். உள்ளே வார்னிஷ் வாசம். சுவரில் ஜி.டி. நாயுடுவின் படம், பக்கத்திலேயே அம்பேத்கர் படம். நாயுடு படத்தின் சட்டம் பழையது. அம்பேத்கர் படத்துக்குப் பின்னால் சுவரின் சுண்ணாம்பு இன்னும் அழுக்காகவில்லை. அது அங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கடைக்காரருக்கு வயது இருபத்தேழு. அருந்ததியர். "பேரு போடாதீங்கண்ணா. பயமெல்லாம் இல்லைங்க. பேங்க்ல ஒரு பேப்பர் நடந்துட்டு இருக்குது, அது முடியட்டும்" என்றார். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அவர் 'தம்பி'தான்.

தம்பிக்கு நாயுடு பைத்தியம். சொல்லப்போனால் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் போனதே அதற்காகத்தான். கோவையில் ஜி.டி. அருங்காட்சியகத்துக்கு இதுவரை ஆறு முறை போயிருக்கிறார். ஒரு முறை, மறுநாள் கொடுக்க வேண்டிய மோட்டாரை அப்படியே போட்டுவிட்டுப் போய், தோட்டக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

முதன்முதலில் அவர் அந்தப் பெயரைக் கேட்டது பள்ளிக்கூடத்தில். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட வெளியூரில் இருந்து ஒரு பேச்சாளர் வந்தார். சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த துரைசாமி என்ற பையன், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி நின்ற கதையைச் சொன்னார். பையன் கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வராக வேலை செய்தான், காசு சேர்த்தான், முந்நூறு ரூபாய்க்கு அதே வண்டியை வாங்கினான். வாங்கியவன் ஊர் சுற்றவில்லை. அக்கு அக்காகப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டினான். கடைசியாகப் பேச்சாளர் கேட்டாராம்: "ஓட்டல்ல டேபிள் துடைச்சவரே இவ்வளவு பெரிய ஆளா வந்தாரு. உங்களால ஏன் முடியாது?"

அன்று இரவே வீட்டில் இருந்த பழைய மிக்ஸியைப் பிரித்துவிட்டார் தம்பி. மறுபடி பூட்டத் தெரியவில்லை. அம்மாவிடம் விளக்குமாற்று அடி. "அதாங்கண்ணா முதல் பாடம். பிரிக்கறதுக்கு முன்னாடி எழுதி வெக்கோணும்."

இதை விளையாட்டாகச் சொன்னாலும், அவர் தொழிலின் உயிரே அதில்தான் இருக்கிறது. எரிந்து போன மோட்டாரைப் பிரிக்கும்போது பழைய காயிலில் எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி, எந்த ஸ்லாட்டில் இறங்கி எந்த ஸ்லாட்டில் ஏறுகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு சுற்று தப்பினாலும் மோட்டார் சூடேறும். கம்பெனிக்குக் கம்பெனி, குதிரைத்திறனுக்குக் குதிரைத்திறன் கணக்கு மாறும். வருடக்கணக்காக எழுதிச் சேர்த்த நோட்டுதான் காயில் கட்டுபவரின் சொத்து. எந்த மேஸ்திரியும் அதைச் சுலபத்தில் கையில் கொடுக்கமாட்டார்.

தம்பி தொழில் கற்றது கோவையில் ஒரு பட்டறையில். நான்கு வருடம். முதல் இரண்டு வருடம் கூட்டுவது, கழுவுவது, டீ வாங்கி வருவது. கூட வேலை கற்ற மற்ற இரண்டு பையன்களுக்கு ஆறு மாதத்தில் நோட்டு கைக்கு வந்தது. இவருக்கு வரவில்லை. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "எந்த ஊருன்னு கேட்டாங்க. சொன்னேன். ஊர்ல எந்தப் பக்கம்னு கேட்டாங்க. அதையும் சொன்னேன். அவ்வளவுதானுங்க" என்கிறார். கொங்கு நாட்டில் அந்த இரண்டாவது கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எரிந்த காயிலை வெட்டி எடுத்து காயலான் கடைக்குப் போடும் வேலை இவருடையது. பழைய கம்பியைத் தூக்கிப் போடும் முன் ராத்திரி உட்கார்ந்து சுற்றுகளை எண்ணினார். எண்ணியதைப் பாக்கெட் டைரியில் எழுதினார். நான்கு வருடத்தில் மூன்று டைரி. மேஸ்திரி நோட்டில் என்ன இருந்ததோ, அதில் பெரும்பகுதி இவரிடமும் சேர்ந்துவிட்டது. "நாயுடு வெள்ளைக்காரன் வண்டியைப் பிரிச்சுக் கத்துக்கிட்டாரு. நான் எரிஞ்சு போனதைப் பிரிச்சுக் கத்துக்கிட்டேன்."

தாத்தா கேட்ட கேள்வி

தம்பியின் அப்பாருக்கு, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு, எண்பத்து நான்கு வயது. கண் மங்கிவிட்டது, ஞாபகம் மங்கவில்லை. காலனி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் பேரன் ஒரு நாள் நாயுடு கதையைச் சொல்லியிருக்கிறார். ஓட்டல் சர்வர் என்ற இடம் வந்ததும் கிழவர் நிறுத்தினார்.

"ஏங்கண்ணு, எந்த ஓட்டல்ல நம்மள உள்ள உட்டாங்க?"

பதின்மூன்று வருடமாகத் தன்னம்பிக்கைக் கதையாக மட்டுமே கேட்டு வந்ததை அன்றைக்குத்தான் வேறு விதமாகக் கேட்டதாகத் தம்பி சொல்கிறார்.

நாயுடு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தது ஏறத்தாழ 1910-ஐ ஒட்டி. அந்தக் காலத்து ஓட்டலுக்குள் அருந்ததியரோ ஆதிதிராவிடரோ காசு கொடுத்துச் சாப்பிடவே போக முடியாது. இலைக்குப் பரிமாறும் வேலையை நினைத்துப் பார்க்கவும் முடியாது. பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தையே இரட்டைமலை சீனிவாசன் 1924-ல்தான் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. எம்.சி. ராஜா கொண்டுவந்த சமூகத் தடைகள் நீக்கச் சட்டம் வந்தது 1938-ல். அப்போது நாயுடுவுக்கு வயது நாற்பத்தைந்து. பெரிய தொழிலதிபராகியிருந்தார்.

சட்டம் வந்த பிறகும் என்ன நடந்தது என்பதற்கு அந்தக் கிழவரே சாட்சி. சட்டம் வந்து மூன்று வருடம் கழித்துப் பிறந்தவர் அவர். சிறு வயதில் டீக்கடையில் கொட்டாங்குச்சியில் டீ வாங்கிக் குடித்திருக்கிறார். அதற்குப் பிறகு தனி டம்ளர் வந்தது. குடித்துவிட்டு அவரே கழுவி ஓட்டில் சொருகி வைக்க வேண்டும். "கொட்டாங்குச்சியே மேலு. கழுவ வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதனால் நாயுடுவின் உழைப்பு குறைந்துவிடாது. அவர் ஓட்டலில் பட்ட பாடும், பிரித்துப் பார்த்த புத்தியும் அவருடையவை. ஆனால் ஏணியின் முதல் படி அவருக்கு இருந்தது. அதே ஊரில், அதே வயதில், அதே புத்தியோடு ஒரு அருந்ததியப் பையன் இருந்திருந்தால் அந்தப் படி அவனுக்கு இல்லை. 'உங்களால் ஏன் முடியாது' என்று கேட்கும் பேச்சாளர்கள் இந்த ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை குறையும் என்று நான் நினைக்கவில்லை.

அந்தக் காலத்திலும் நம்மவர்களில் தொழிலில் மேலே வந்தவர்கள் உண்டு. ஆனால் எங்கே போய் வந்தார்கள் என்று பாருங்கள். 1858-ல் பிறந்த பெ.மா. மதுரைப்பிள்ளை, சென்னையில் இருந்து கடல் தாண்டி ரங்கூனுக்குப் போய் துபாஷாகவும் வணிகராகவும் பெரும் பொருள் ஈட்டினார். அங்கே பள்ளிக்கூடம் நடத்தினார். தமிழ்ப் புலவர்களுக்கு வாரிக் கொடுத்தார். 1913-ல் மறைந்தார். அவருடைய பேத்திதான் ரங்கூனில் பிறந்த மீனாம்பாள் சிவராஜ். நம் ஈரோட்டுக்காரரான ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தை வழங்கிய 1938-ஆம் ஆண்டு பெண்கள் மாநாட்டை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். மதுரைப்பிள்ளையின் பெயரைத் தம்பி அதுவரை கேள்விப்பட்டதில்லை. நான் சொன்னதும் டைரியில் எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்: "அவரு இங்கயே இருந்திருந்தா அண்ணா?"

பறியும் மோட்டாரும்

தாத்தாவின் தொழில் என்னவென்று கேட்டபோதுதான் இந்தக் கதையின் இன்னொரு பாதி கிடைத்தது.

கொங்கு நாட்டில் மோட்டார் வருவதற்கு முன் கிணற்றுத் தண்ணீர் மேலே வந்தது கவலையில். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டுச் சால் மேலே வரும். சாலின் அடியில் தைத்த நீளமான தோல் வாயைத் தும்பி என்பார்கள். வால்கயிற்றைத் தளர்த்தியதும் தும்பி வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். அந்தத் தோலைப் பதப்படுத்துவது, தைப்பது, கிழிந்தால் ஒட்டுப் போடுவது எல்லாம் அருந்ததியர் வேலை. தோட்டத்துக்குத் தோட்டம் இன்ன குடும்பம் என்று கணக்கு உண்டு. செத்த மாட்டைத் தூக்குவதும் அதோடு சேர்ந்த வேலை. கூலி காசாக இல்லை. அறுப்பு முடிந்ததும் களத்தில் இத்தனை வள்ளம் கம்பு, இத்தனை வள்ளம் சோளம். பண்ணாடி அளந்து போடுவதை முந்தானையிலும் துண்டிலும் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

"சால் தைக்காட்டி அவங்களுக்குத் தண்ணி இல்ல. அவங்க அளந்து போடாட்டி நமக்குச் சோறு இல்ல" என்றார் கிழவர். "ஆனா குடிக்கத் தண்ணி கேட்டா, அதே கிணத்துல இருந்து கையில ஊத்துவாங்க."

தன் கையால் தைத்த தோலில் ஏறி வந்த தண்ணீர். தன் கை பட்டால் தீட்டு. இதை அவர் புகாராகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னார்.

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. கோவையில் மில்கள் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து பீளமேட்டில் மின் மோட்டார் செய்தார்கள். நாட்டிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். அங்கிருந்து கிளம்பிய மோட்டார், பம்பு தொழில்தான் இன்றைய கோயம்புத்தூரின் அடையாளங்களில் ஒன்று. சுதந்திரத்துக்குப் பிறகு மின் கம்பி தோட்டம் தோட்டமாகப் போனது. அது போய்ச் சேர்ந்த இடத்தில் கவலை நின்றது, எருது விற்கப்பட்டது. சால் தைப்பவரும் தேவைப்படவில்லை. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் குன்னல் செடர்லாஃப் கோவை வட்டாரத்து மாதாரிகளைப் பற்றி 1997-ல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். தோல் வேலை போனதோடு பண்ணையத்துக்கும் வளவுக்கும் இருந்த பழைய கட்டு எப்படி அறுந்தது என்பதுதான் அதன் மையம்.

தாத்தாவுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும்போது அவர்கள் சால் தைத்த கடைசித் தோட்டத்திலும் மோட்டார் வந்தது. அந்த வருடம் களத்தில் அளந்து போடவில்லை. மூன்று வருடம் குடும்பம் பசியோடுதான் கிடந்தது. பிறகு கல் உடைக்கப் போனார், கீழ்பவானி வாய்க்காலில் கரை வேலைக்குப் போனார். கையில் முதல்முதலாக ரூபாய் நோட்டாகக் கூலி வாங்கியது அங்கேதான்.

"மோட்டாரு சோத்தைக் கெடுத்துதா, நல்லது பண்ணுச்சா?" என்று கேட்டேன்.

வெகு நேரம் பேசாமல் இருந்தார். "சோத்தைக் கெடுத்துச்சு" என்றார். அப்புறம், "மாடு தூக்கறதும் நின்னுது" என்றார்.

பேரன் இன்று அதே தோட்டங்களில் இருந்து வரும் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறார். நாயுடு படத்தைக் கடையில் மாட்டியபோது இதெல்லாம் அவருக்குத் தெரியாது. இப்போது தெரிந்த பிறகும் படத்தைக் கழற்றவில்லை. "எங்க அப்பாரு தொழிலை முடிச்சு வெச்ச ஆளு. அவரு முடிச்சு வெச்சதாலதானுங்க நான் தோலைத் தொடாம கம்பியைத் தொடறேன்" என்கிறார். நாயுடு அருந்ததியரை மனதில் வைத்து மோட்டார் செய்யவில்லை. தண்ணீரையும் லாபத்தையும் மனதில் வைத்துச் செய்திருப்பார். நல்லது சில சமயம் இப்படிப் பின்வாசல் வழியாகவும் வருகிறது. நன்றி சொல்வதா வேண்டாமா என்பது வேறு பேச்சு.

பட்டம் வேண்டாம் என்றவரோடு ஒரு சண்டை

நாயுடு சொன்ன எல்லாவற்றையும் தம்பி ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாயுடுவுக்குப் பட்டங்கள் மேல் மரியாதை கிடையாது. கோவையில் 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்விக்கு இடமும் வசதியும் கொடுத்துத் தொடங்கி வைத்தவர் அவர். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். ஆனால் பொறியியலுக்கு நான்கு வருடம் எதற்கு, குறுகிய காலத்தில் கையில் வேலை கொடுத்துச் சொல்லித் தரலாமே என்பது அவர் கட்சி. அரசு கேட்கவில்லை. அவர் விலகிக்கொண்டார்.

"இந்த ஒரு விஷயத்துல அவரு சொல்றது எனக்குச் சரிப்படாதுங்க" என்கிறார் தம்பி. "அவரு சர்டிபிகேட் இல்லாமப் போய் நின்னாலும் நாற்காலி போடுவாங்க. நான் சர்டிபிகேட்டோட போனாத்தான் வாசல்லயாவது நிக்கலாம்." டிப்ளமோவை இரண்டாம் ஆண்டில் விட்டதற்காக இன்றும் வருத்தப்படுகிறார். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன வருடம் அது. இப்போது வயர்மேன் உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். காலனியில் இருந்து இரண்டு பையன்கள் கடைக்கு வேலை கற்க வருகிறார்கள். அவர்களுக்கு முதல் நாளே நோட்டைக் கொடுத்துவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை: ஐ.டி.ஐ.யை முடிக்க வேண்டும், லீவு நாளில்தான் கடைக்கு வர வேண்டும்.

அவர்கள் படிப்புக்கு வழி கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. 2009-ல் பட்டியல் சாதிக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதை எதிர்த்த வழக்குகள் ஓடி, 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்த இரண்டு பையன்களில் ஒருவனின் அக்கா இந்த ஒதுக்கீட்டில்தான் நர்சிங் சேர்ந்திருக்கிறார்.

ஸ்டேன்ஸ் துரை எங்கே?

நாயுடு கதையில் தம்பி இப்போது அடிக்கடி எடுத்துப் பேசும் இடம் மோட்டார் சைக்கிள் அல்ல, 1920. அந்த ஆண்டு நாயுடு ஒரு பஸ் வாங்கினார். கைக்காசு போதவில்லை. கோவையில் பெரிய வியாபாரியாக இருந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் கடன் கொடுத்தார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அந்த பஸ் ஓடியது. ஓட்டியவரும் நாயுடுவேதான். யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி அந்த ஒரு பஸ்ஸில் இருந்து வளர்ந்தது. திறமை அதற்கு முன்னாலேயே இருந்தது. அதை நம்பி ஒருவர் பணம் கொடுத்த நாளில்தான் அது தொழிலாக மாறியது.

தம்பிக்கு ஒரு லேத்தும் காயில் சுற்றும் மெஷினும் வேண்டும். ஷாஃப்ட் வேலைக்கும் புஷ் கடைவதற்கும் இப்போது வெளியே கொடுக்கிறார். கூலியில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போகிறது. சிப்காட் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் கெட்டுப் போய் மோட்டார் சீக்கிரம் பழுதாவதால் வேலைக்குக் குறைவில்லை. கடன் கேட்டது ஏழு லட்சம் ரூபாய். ஒரு வங்கிக் கிளைக்கு நான்கு முறை போனார். முதல் முறை மேலாளர் லீவு. இரண்டாம் முறை கொட்டேஷன் கேட்டார்கள். மூன்றாம் முறை ஈடு கேட்டார்கள். காலனி வீட்டுப் பட்டாவைக் காட்டினார். "இது ஆதிதிராவிடர் நத்தம்பா, இதுக்கெல்லாம் வராது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். நான்காம் முறை அவர் உட்காரவே இல்லை, பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

குறுந்தொழில் கடனில் 10 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடி தொழில்முனைவோருக்குக் கடன் கொடுக்க வேண்டும் என்று ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் 2016-ல் வந்து 2025 வரை நடந்தது. தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் மூலதனத்தில் 35 சதவீதம் மானியம், வட்டியில் 6 சதவீதம் தள்ளுபடி உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் மனுப் போடலாம். காகிதத்தில் நமக்கு ஸ்டேன்ஸ் துரைகள் நிறைய இருக்கிறார்கள். கவுன்டரில்தான் காணோம்.

இந்தத் திட்டங்களைத் தம்பிக்குச் சொன்னது அதிகாரி யாரும் இல்லை, மஞ்சள் மண்டியில் வேலை பார்க்கும் சித்தப்பா. ஈரோட்டில் தொழில் மையத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய் மனுக் கொடுத்திருக்கிறார். வேறொரு வங்கிக் கிளைக்கு மனு போயிருக்கிறது. அந்தப் பேப்பர்தான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. தொழில் மையத்தில் தன்னை உட்காரச் சொன்ன ஒரு பெண் ஊழியரைப் பற்றி மட்டும் இரண்டு முறை சொன்னார்.

"தம்பி, நீங்க நாயுடுங்களா?"

இனி அந்த அம்பேத்கர் படத்துக்கு வருவோம்.

கடை ஆரம்பித்து மூன்று வருடம் வரை சுவரில் நாயுடு மட்டும்தான் இருந்தார். அம்பேத்கர் உள் அறையில், வார்னிஷ் டப்பாக்களுக்கு மேலே. கொங்கு வட்டாரத்து அருந்ததியர் பலரைப் போலத் தம்பியின் வீட்டிலும் பேச்சு தெலுங்கு. அம்மா போனில் கூப்பிட்டால் தெலுங்கில்தான் பேசுவார். முன்னால் நாயுடு படம், வாயில் தெலுங்கு. ஒரு நாள் மஞ்சள் காட்டுக்காரர் ஒருவர் கேட்டார்: "தம்பி, நீங்க நாயுடுங்களா?"

தம்பி பதில் சொல்லவில்லை. சிரித்து வைத்தார். காட்டுக்காரர் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவர் சொல்லி இன்னும் நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் வீட்டில் மதியச் சாப்பாடே போட்டார்கள்.

"ரெண்டு வருசம் அந்தச் சிரிப்பை வெச்சே ஓட்டினேங்கண்ணா. பொய் சொல்லல. ஆனா சொல்லவும் இல்ல. அந்த வூட்டுல சாப்பிடறப்போ தொண்டையில எறங்கலைங்க."

போன வருடம் அக்டோபரில், கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்ட்வின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். ஜி.டி. நாயுடு பெயர். அதே நாட்களில்தான் ஊர், தெருப் பெயர்களில் இருந்து சாதியை எடுக்க வேண்டும் என்று அரசாணையும் வந்தது. பாலத்தின் பெயரில் மட்டும் சாதி இருக்கலாமா என்று வாதம் நடந்தது. தலைவர்களை ஊர் எப்படி அறிந்திருக்கிறதோ அப்படித்தானே சொல்ல முடியும் என்று ஒரு பக்கம், சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று மறுபக்கம். எனக்கு இரண்டாவது பக்கமே சரியாகப் பட்டது. ஜி.டி.என். என்று போட்டிருந்தாலும் கோவையில் யாருக்கும் வழி தப்பியிருக்காது.

தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பாலத்தில் போய் வந்தார். அவருடைய வருத்தம் வேறு. "அவரு பேருக்குப் பின்னாடி இருக்கறதை எடுக்கலாமா வேண்டாமான்னு ஊரே பேசுது. எம்பேருக்குப் பின்னாடி என்ன இருக்குதுன்னு தெரிஞ்சா மோட்டாரே வராதுன்னு நான் பயந்துக்கிட்டு இருக்கேன். பாலத்து மேல நின்னு அதைத்தான் நெனச்சேன்."

திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்பேத்கரை எடுத்து முன்னால் மாட்டினார். போர்டில் இனிஷியல் மட்டும் இருந்த இடத்தில் முழுப் பெயரையும் எழுதினார். அம்மா பயந்தார். "இப்ப எதுக்குடா இது, கடன் கேட்டிருக்கற நேரத்துல?" என்றார்.

நான்கு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் பாதி கட்டிய மோட்டாரை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனார். சாப்பாடு போட்ட வீட்டுக்காரர் இரண்டு மாதம் வரவில்லை. ஆனால் மாசி மாதம், மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் நின்றுபோன ஒரு நாள் போன் பண்ணினார். ஒன்றுமே நடக்காதது போல, "மோட்டார் எடுக்கலைங்க, கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். இவர் கட்டிய மோட்டார் அந்தப் பகுதியில் சீக்கிரம் எரிவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வேறு ஊர்களில் இருந்து புதிதாக ஏழெட்டுப் பேர் வர ஆரம்பித்திருக்கிறார்கள். அம்பேத்கர் படம் பார்த்து வந்த பக்கத்துக் காலனிக்காரர்களும் அதில் உண்டு. மாத வருமானம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

நான் போன அன்று மாலை ஒரு தோட்டத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். காலையில் கட்டிக் கொடுத்த மோட்டாரை இறக்கிப் பூட்ட வேண்டும். சங்கிலியும் குழாயும் இறங்கி, ஸ்டார்ட்டரை அமுக்கியதும் குழாய் இருமியது. சேறு வந்தது. பிறகு தெளிந்த தண்ணீர் வந்தது. தம்பி ஒரு கை அள்ளிக் குடித்தார், முகம் கழுவினார். தோட்டக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் இருந்து ஒரு அம்மா டீ கொண்டு வந்தார். எனக்கு, தம்பிக்கு, கூட வந்த பையனுக்கு, தோட்டக்காரருக்கு, எல்லோருக்கும் பேப்பர் கப்.

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டேன், பேப்பர் கப் நமக்காகவா, பொதுவாகவே அப்படியா என்று.

"இப்பெல்லாம் எல்லாருக்கும் பேப்பர் கப்புதானுங்கண்ணா" என்று சிரித்தார். "அதனால கண்டுபிடிக்க முடியறதில்ல."

கடைக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் இன்னொரு சப்மர்சிபிள் இறக்கிக் கிடந்தது. பையன்களில் ஒருவன் நோட்டைப் பிரித்து வைத்து, பிரிப்பதற்கு முன் எழுத ஆரம்பித்திருந்தான்.